தூக்க ஆள் வேண்டும்

"அப்பா, என்னை யாருப்பா தூக்குவாங்க?"

லெங் இதைக் கேட்டது எல்லை வேலிக் கேட் வரிசையில் நிற்கும்போது. கேட்டுவிட்டு, எல்லைப் பாஸை வாயில் கவ்விக்கொண்டு குனிந்து ஷூ நாடாவைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். பத்து வயசுப் பிள்ளைக்கு அது சும்மா ஒரு கேள்வி. அவன் அப்பன் ஹானுக்கு அப்படி இல்லை.

"ஆள் இருக்காங்கடா. நீ நாடாவைக் கட்டு," என்றான்.

ஆள் இல்லை. அதுதான் விஷயமே.

மார்ச் கடைசியில் ஊர் மடத்தில் சாங் லோங் திருவிழா. பையன்களைக் கொஞ்ச நாளைக்குச் சாமியாராக்கி மடத்தில் விடுகிற சடங்கு. மொட்டையடித்துக் காவி கட்டுவதற்கு முன்னால் அவர்களை இளவரசர்களாக ஜோடித்துப் பார்ப்பது பர்மா எல்லையோர ஷான் ஜனங்களின் ஆசை. பட்டு உடுத்தி, தலையில் பூக்கிரீடம் வைத்து, கன்னத்தில் ரோஸ் பவுடர் பூசி, உதட்டுக்குச் சாயம் போட்டு உட்கார வைத்தால் பெற்றவளுக்கே பிள்ளை அடையாளம் தெரியாது. அப்படி ஜோடித்த இளவரசனின் கால் மண்ணில் படக் கூடாது. வீட்டு வாசலிலிருந்து மடம் வரைக்கும், அப்புறம் ஊர்வலம் முடிகிற வரைக்கும், தோளில்தான் போக வேண்டும். ஒருத்தனுக்கு மூச்சு வாங்கினால் அடுத்தவன் தோள் கொடுப்பான். அதனால் ஒரு பையனுக்கு மூன்று பேராவது வேண்டும். தாய்மாமன், சித்தப்பன், அப்பனுடைய சேக்காளிகள் என்று முட்டி மோதிக்கொண்டு வருவார்கள். யார் முதலில் தூக்குவது என்று சில வீடுகளில் சண்டையே நடக்கும். ஹான் வீட்டில் அந்தச் சண்டை போடக்கூட ஆள் கிடையாது.

ஏன் கிடையாது? அவன் குடிகாரனா, கோள் சொல்லியா, யார் வீட்டு வேலியையாவது பிடுங்கினவனா? ஒன்றும் இல்லை, பாவம். ஊரில்தான் இருந்தான். ஊர் நேரத்தில் இல்லை, அவ்வளவுதான்.

வேலிக்கு இந்தப் பக்கம் பர்மா, அந்தப் பக்கம் சீனா. நடுவில் ஒரு கரும்புக்காடும் ஒரு வாய்க்காலும். நடந்தால் வியர்க்கக்கூட வியர்க்காது. ஆனால் சீனத்து மணி பர்மா மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே பள்ளிக்கூடத்தில் எட்டு அடித்தால் இங்கே ஆறரை. லெங் படிப்பது அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஹானுக்கு வேலையும் அந்தப் பக்கம்தான், மோட்டார் சைக்கிள் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சக்கரம் மாட்டுகிற வேலை. ஊர் ரெண்டாம் தூக்கம் போடும்போது அப்பனும் மகனும் எழுந்து, இருட்டில் சோறு கட்டி, கேட் திறக்கும் முன்னால் வரிசையில் போய் நிற்பார்கள். பாஸில் முத்திரை குத்துகிற சின்னப் போலீஸ்காரன் லெங்கின் மூக்கைத் திருகி சீனத்தில் ஏதாவது வம்பு பேசுவான். பள்ளிக்கூட வாசலில் மகனை விட்டுவிட்டு அப்பன் தொழிற்சாலைக்கு ஓடுவான். சாயங்காலம் ஓவர்டைம் முடிந்து, பள்ளிக்கூடக் காவல்காரர் அறையில் காத்திருக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திரும்ப ஒரு முத்திரை. வீட்டுக்கு வந்து சமைத்துச் சாப்பிட்டால் கண் சொருகும். மறுநாள் எழ வேண்டுமே.

ஊரோ அப்போதுதான் சோறு தின்றுவிட்டு வெளியே வரும். மடத்து மைதானத்தில் ஒரு பல்பைப் போட்டுக்கொண்டு ஆண்கள் வட்டமாக நின்று பிரம்புப் பந்து ஆடுவார்கள். கையால் தொடாமல் காலாலும் முழங்காலாலும் பந்தைக் கீழே விழாமல் தட்டிக்கொண்டே இருக்கிற ஆட்டம். ஹான் படுக்கையில் கிடந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்பான். ஒரு காலத்தில் அவனும் அதில் நல்ல ஆட்டக்காரன். இப்போதும் சத்தத்தை வைத்தே யார் உதைத்தது என்று சொல்லிவிடுவான். பந்து விழும், எல்லாரும் சிரிப்பார்கள், இவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பான். ஞாயிற்றுக்கிழமைகூட உடம்பு அந்த மணிக்கே படுத்து அந்த மணிக்கே எழுந்தது. ஒரு நாளைக்கு மட்டும் மாற்று என்றால் உடம்பு கேட்குமா?

மோ இருந்தவரைக்கும் இந்தக் கஷ்டம் தெரியவில்லை. மோ அவன் பெண்டாட்டி. பிள்ளையை அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் போட்டவளே அவள்தான். வேலி ஓரத்தில் பிறந்தவனுக்கு ரெண்டு பக்கமும் வாய் இருக்க வேண்டும் என்பாள். வீட்டுச் சுவரில் ரெண்டு கடிகாரம் மாட்டி வைத்திருந்தாள். ஒன்று சீனத்து மணி, புருஷனுக்கும் பிள்ளைக்கும். இன்னொன்று ஊர் மணி, அவளுக்கு. கல்யாணம், சாவு, அன்னதானம் எல்லாம் அவள் கணக்கு. "உங்க மணிக்கு ஏழரை, சட்டையை மாத்திட்டு வாங்க" என்று இவனிடம் சொல்வாள். "அவரு எங்க மணிக்கு வந்துடுவாரு" என்று ஊரிடம் சொல்வாள். புருஷனை ஊருக்கும் ஊரைப் புருஷனுக்கும் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்து அவளைக் கொண்டுபோய்விட்டது. அப்புறம் கொஞ்ச நாளில் அவள் கடிகாரமும் பேட்டரி தீர்ந்து நின்றது. ஹான் அதற்கு வேறு பேட்டரி போடவில்லை. போட வேண்டும் என்று தோன்றவே இல்லை. கைபேசியும் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைத்தான் பிடிக்கும், அதுவும் சீனத்து மணிதான் காட்டும்.

மோவின் அண்ணன் நோங் ஊரில்தான் இருக்கிறான். டிராக்டர் ஓட்டுகிறான். லெங்குக்குத் தாய்மாமன், முதலில் தோள் கொடுக்க வேண்டியவன். ஆனால் அவன் முகத்தை ஹான் நேராகப் பார்த்தே ரொம்ப நாளாகிறது. மோவுக்கு வருஷத்து அன்னதானம் கொடுத்த அன்று, அரை நாள் லீவுதான் கிடைத்தது. பிக்குகள் சாப்பிட்டு எழுந்து, ஊர் பந்தியில் உட்காரும்போது ஹான் எழுந்துவிட்டான். பெண்டாட்டிக்குப் படைத்த சோற்றைப் பாதி இலையில் விட்டுவிட்டு எழுந்தவனை யார்தான் மறப்பார்கள்? நோங் திட்டவில்லை. "உனக்கு மணி ஆயிடுச்சு, போ" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை. அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் ஹான் மச்சான் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதனால் முதலில் மற்ற இடங்களில் கேட்டுப் பார்த்தான். தொழிற்சாலையில் பக்கத்து வரிசையில் வேலை செய்கிறவனிடம் கேட்டான். அவனுக்கு அன்றைக்கு ஷிப்டு. வேலிக் கேட் வரிசையில் தினமும் முன்னால் நிற்கிற ஒரு ஆளிடம் கேட்டான். எத்தனையோ காலமாக அவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், பேர் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டான். அந்த ஆள் நல்லபடியாகவே பேசினான். முதுகுவலி என்றான், பிள்ளைக்கு நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்தினான். மறுநாளிலிருந்து வரிசையில் கொஞ்சம் தள்ளி நின்றான்.

கடைசியில் யிங் அக்காவிடம் மாட்டினான். மடத்துக்கு எதிரே கடலைமாவுக் கூழ் விற்கிறவள்; அரிசி நூடுல்ஸ் மேலே சூடாக ஊற்றித் தருவாள். திருவிழாவுக்கு இளவரசர்கள் எல்லாருக்கும் முகம் எழுதுவதும் அவள்தான். லெங்குக்கு எத்தனை ஆள் என்று கேட்டாள். ஹான் கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தான்.

"மாமன் கல்லு மாதிரி இருக்கான், அவனை விட்டுட்டு ஊர் மேல போறியா? வாயில என்ன கொழுக்கட்டையா? போய்க் கேளு தம்பி."

போனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்கம் கண்ணைச் சுழற்ற, முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போனான். பல்பு வெளிச்சத்தில் பந்து போய்க்கொண்டிருந்தது. இவனைப் பார்த்ததும் ஒருத்தன், யாரோ சீனாவிலிருந்து விருந்தாளி வந்திருக்கிறார், நாற்காலி போடுங்கடா என்றான். இன்னொருத்தன், அவருக்கு இது நடு ராத்திரி, சத்தம் போடாதீங்க என்றான். எல்லாரும் சிரித்தார்கள். ஹானும் சிரித்தான், அது எப்படி இருந்தது என்பது அவனுக்கே தெரியும். நோங் சிரிக்கவில்லை. பந்தைக் காலில் நிறுத்தி, கையில் எடுத்து, பிரம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஹானுக்கு என்னவெல்லாமோ பேச வேண்டும் என்று இருந்தது. அன்னதானத்தன்று எழுந்து போனதைப் பற்றி, லீவு கேட்டுக் கெஞ்சினதைப் பற்றி, எல்லைக் கேட் வரைக்கும் அழுதுகொண்டே போனதைப் பற்றி. அதையெல்லாம் விட்டுவிட்டு, பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னான்:

"திருவிழாவுக்கு லெங்கும் இருக்கான். மோவுக்கு ரொம்ப ஆசை அது. தோள் குடுக்க முடிஞ்சவங்க காலையில ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்துடுங்க."

நோங்தான் பந்தை மறுபடி காலில் போட்டுக்கொண்டு, "பாக்கலாம்," என்றான்.

பாக்கலாம்! இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது? ஆமாம் என்றால் நிம்மதி, முடியாது என்றால் வேறு வழி. ஹான் அந்த ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு போய்ப் படுத்து, எழுந்து, சக்கரம் மாட்டி, முத்திரை குத்தி, திரும்ப வந்து படுத்தான். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்கப் போனபோது யாங் டீச்சர், இளவரசனைத் தூக்கிக்கொண்டு போகிற போட்டோவைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்று சொல்லி ஒரு வாரம் லீவு கொடுத்தாள். ஆள் கிடைத்தால் காட்டுகிறேன் என்று சொல்லத் தோன்றியது. தலையை ஆட்டிவிட்டு வந்தான்.

திருவிழா நாளும் வந்தது. வெயில் ஏறும் முன்னால் இளவரசர்கள் மடத்து வாசலில் இருக்க வேண்டும் என்று பெரிய பிக்கு சொல்லியிருந்தார். விடியலுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கும்போதே யிங் அக்கா விளக்கோடு வந்துவிட்டாள்.

"உன் வீடுதான் முதல்ல. பேய் முழிக்கிற நேரத்துல முழிச்சிருக்கறவன் இந்த ஊர்ல நீ ஒருத்தன்தான்," என்றாள்.

லெங்கை மணை போட்டு உட்கார வைத்து முகம் எழுதினாள். பவுடர், சாயம், புருவத்துக்கு மை. மோவின் பச்சைப் பட்டை வெட்டித் தைத்த சட்டை. கிரீடத்தைத் தலையில் வைத்து ஊசி குத்தும்போது அக்காவுக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கப் பையனைத் தலையை ஆட்டாதே என்று அதட்டினாள். கிளம்பும்போது, தூக்குகிறவர்களுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டாள். ஆறு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன் என்றான் ஹான்.

"அப்ப நிறைய நேரம் கிடக்கு. பூ கலையாம பிள்ளையைச் சுவத்துல சாச்சுத் தூங்க வை," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

ஹான் கைபேசியைப் பார்த்தான். ஆறாகக் கால் மணி நேரம்தான் இருந்தது. இதில் என்ன தூங்குவது? அக்காவுக்கு வயசாகிறது, நேரம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டான்.

அட மனுஷா! அந்த இடத்திலாவது கொஞ்சம் நின்று யோசித்திருக்கலாம். நின்றுபோன கடிகாரம் நேர் எதிரே சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் இத்தனை வருஷமாக அவன் வாயிலிருந்து வந்த மணியெல்லாம் அந்தப் பக்கத்து மணிதான். மாற்றிச் சொல்ல ஒருத்தி இருந்தாள், அவள் இல்லை.

ஆறு ஆனது. வாசல் கதவைத் திறந்து வைத்து, வந்தவர்களுக்குக் கொடுக்க ஒட்டரிசி உருண்டையும் தேநீரும் எடுத்து வைத்தான். யாரும் வரவில்லை. இருட்டு அப்படியே இருந்தது. வேலியில் எரிகிற வெள்ளை விளக்குகள் மட்டும் தெரிந்தன. அவன் வீடு ஊருக்கு வெளியே கரும்புக்காட்டுப் பக்கம். மற்ற வீடுகளில் என்ன நடக்கிறது என்று அங்கிருந்து தெரியாது. ஒரு தடவை நாய் குரைத்தது. வந்துவிட்டார்கள் என்று வாசலுக்கு ஓடினான். வெறும் நாய்தான்.

தேநீர் ஆறியது. திரும்பச் சுட வைத்தான், திரும்ப ஆறியது. முதலில் கோபம் வந்தது. இந்த ஊரில் இவன் தோள் கொடுக்காத வீடு உண்டா, கல்யாணத்துக்கு முன்னால் எத்தனை பிள்ளைகளைத் தூக்கியிருப்பான்? அப்புறம் கோபம் போய் வெட்கம் வந்தது. யாருடைய வீட்டுக்கு இவன் போனான், இவன் வீட்டுக்கு அவர்கள் வர? இலையில் சோற்றை விட்டுவிட்டு எழுந்தவனுக்கு யார் வருவார்கள்? பாக்கலாம் என்று நோங் சொன்னதற்கு அர்த்தம் இப்போது நன்றாகவே விளங்கியது.

லெங் மணையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான், பூ கலையக் கூடாது என்று. தலையை ஆட்டாமல் மெல்லச் சொன்னான்:

"எனக்கு நடந்தே போகத் தெரியும்ப்பா. இருட்டுலதானே, யாரும் பாக்க மாட்டாங்க."

ஹானுக்கு அதைத் தாங்க முடியவில்லை. கைபேசி ஏழு காட்டியது. போதும் என்று எழுந்தான்.

"இளவரசன் நடக்கக் கூடாதுடா. ஏறு."

வீட்டைப் பூட்டி, குந்தி உட்கார்ந்து, மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு எழுந்தான். கடைசியாக இவனைத் தூக்கியது மோவை எரித்துவிட்டு வந்த அன்று. அப்போது பிள்ளை பஞ்சாக இருந்தான். இப்போது நல்ல கனம். கரும்புக்காட்டு வரப்பில் ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தான். ரெண்டு கையாலும் பிள்ளையின் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். லெங் ஒரு கையால் கிரீடத்தையும் ஒரு கையால் அப்பனின் நெற்றியையும் பிடித்துக்கொண்டான். கரும்புத் தோகை பட்டுச் சட்டையில் உரசிக்கொண்டே வந்தது.

வாய்க்கால் பாலத்துக் கட்டைச் சுவரில் மகனைத் தோளோடு சாய்த்து உட்கார வைத்து மூச்சு வாங்கினான். லெங் காலை மடக்கித் தூக்கி வைத்துக்கொண்டான், தரையில் பட்டுவிடக் கூடாதே.

"அப்பா, சாமியாரானா புண்ணியம் அம்மாவுக்குத்தானே போகும்?"

"ஆமா."

"ஒருத்தரே தூக்கினா குறைஞ்சிடுமா?"

"குறையாது," என்றான் ஹான். அது அவனுக்கே தெரியாது. தெரிந்த மாதிரிச் சொன்னான். மறுபடி குனிந்து தோளைக் கொடுத்தான்.

மடத்துக்கு வந்து சேரும்போது கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. வாசலில் கூட்டமே இல்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த ரெண்டு மூன்று பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நாமே முதலில் வந்துவிட்டோமே என்று ஹானுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. ஓரமாக அரச மரத்தடியில் போய் நின்றான். அப்புறம்தான் ஒவ்வொரு இளவரசனாக வர ஆரம்பித்தார்கள். தாளம், நீளப் பறை, தங்கக் குடை, ஒவ்வொரு பையனைச் சுற்றியும் நாலைந்து ஆண்கள், ஆட்டமும் பாட்டுமாக. ஒருத்தன் தோளிலிருந்து இன்னொருத்தன் தோளுக்குப் பிள்ளைகள் குதித்துப் போனார்கள். ஹானின் கழுத்து நரம்பு இழுத்துக்கொண்டு வலித்தது. இறக்க இடம் இல்லை, மாற்றவும் ஆள் இல்லை. உங்கள் ஆட்கள் எங்கே என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"பின்னால வர்றாங்க," என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் தெருக்கோடியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து. பின்னாலேயே சிலர் ஓடி வந்தார்கள். முதல் வண்டியிலிருந்து குதித்தவன் நோங். கையில் விரித்த தங்கக் குடை, குஞ்சமெல்லாம் காற்றில் சிக்கிக் கிடந்தது. புதுச் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நேராக ஹானிடம் வந்து நின்றான்.

"எங்களை என்னன்னு நினைச்ச நீ? வரச் சொல்லிட்டு வீட்டைப் பூட்டிட்டு வந்துட்டியே. பதினோரு பேரு பூட்டைப் பாத்துட்டு நிக்கறோம்."

ஹானுக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆறு மணிக்கு வரச் சொன்னேன் மச்சான். ஏழு வரைக்கும் பாத்தேன். யாரும் வரல."

"ஆறு மணிக்குத்தான்யா வந்தோம்!"

மடத்துக் கூடத்துக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே சுவர்க் கடிகாரம். ஆறு தாண்டிக் கொஞ்ச நேரமே ஆகியிருந்தது. ஹான் அதைப் பார்த்தான். நோங்கும் திரும்பிப் பார்த்தான். பறை நின்றுவிட்டது. யிங் அக்கா கூட்டத்திலிருந்து முன்னால் வந்தாள். அவளுக்குத்தான் முதலில் விளங்கியது. நிறைய நேரம் கிடக்கிறது என்று தான் சொன்னது ஞாபகம் வந்து வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"அடப்பாவி, சீனத்து ஆறு," என்றாள்.

நோங்கின் முகத்திலிருந்து கோபம் மெல்ல இறங்கியது. குடையை மடக்கினான், திரும்ப விரித்தான்.

"நேத்து சாயங்காலம் சீட்டுக் குலுக்கிப் போட்டோம், யாரு முதல்ல தூக்கறதுன்னு. சண்டை வந்துடுச்சு. தாய்மாமன் நான், எனக்கு நாலாவதுதான் வந்துச்சு தெரியுமா?"

ஹான் அழுதான். ரெண்டு கையும் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தன. முகத்தை மூடிக்கொள்ள வழி இல்லை, துடைத்துக்கொள்ளவும் வழி இல்லை. ஊர் முன்னால், ஆறு இளவரசர்கள் முன்னால், வாயைத் திறந்துகொண்டு அழுதான். மோ செத்த அன்றுகூட அவன் அப்படி அழுததை யாரும் பார்த்ததில்லை. பதினோரு பேர். படுக்கையில் கிடந்து ஒவ்வொரு நாளும் யாருடைய உதைச் சத்தத்தையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தானோ, அத்தனை பேரும். அவர்கள் குளித்துக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது இவன் வரப்பில் அவர்களை நினைத்துக் குமைந்துகொண்டு நடந்திருக்கிறான். மேலேயிருந்து லெங் குனிந்து, அம்மாவின் பட்டில் தைத்த சட்டைக் கையால் அப்பனின் கண்ணைத் துடைத்தான். யிங் அக்கா பட்டு பாழாகிறது என்று சொல்லவில்லை.

"இறக்காத," என்றான் நோங். "கால் படக் கூடாது. அப்படியே இங்க தள்ளு. நாலாவதாவது, அஞ்சாவதாவது, முதல்ல நான்தான்."

லெங் ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாறினான். கனம் போனதும் ஹானுக்கு நிற்கவே தெரியவில்லை, ரெண்டடி தள்ளாடினான். யாரோ அவன் கையில் குடையைத் திணித்தார்கள். பறை ஆரம்பித்தது. நோங் மருமகனைத் தூக்கிக்கொண்டு ஆட ஆரம்பித்தான், மற்றவர்கள் தங்கள் முறைக்காகக் கத்தினார்கள். வெயில் ஏறுகிற வரைக்கும் ஹான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். போட்டோ எடுக்க வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

மத்தியானம் லெங்குக்கு மொட்டையடித்துக் காவி கட்டினார்கள். ஒரு வாரம் மடத்தில்தான் இருப்பான். சாமியாராகிவிட்ட பிள்ளையை விழுந்து கும்பிட்டுவிட்டு ஹான் வீட்டுக்கு வந்தான். காலையில் எடுத்து வைத்த ஒட்டரிசி உருண்டைகள் எறும்பு மொய்த்துக் கிடந்தன.

மறுநாள் திங்கட்கிழமை. ஒரு ஆளுக்கு மட்டும் சோறு கட்டினான், இருட்டில் தனியாக வரிசையில் போய் நின்றான். முத்திரை குத்துகிற சின்னப் போலீஸ்காரன் இவன் பின்னால் எட்டிப் பார்த்தான். சின்னவன் எங்கே என்றான். சாமியாராகப் போய்விட்டான் என்றான் ஹான். போலீஸ்காரன் முத்திரையைக் குத்திக் கொடுத்தான். பள்ளிக்கூட வாசலைத் தாண்டும்போது கால் தானாகவே நின்றது. காவல்காரர் கையசைத்தார், இவனும் அசைத்துவிட்டு வேகமாக நடந்தான். வேலை முடிந்து திரும்பும்போது கடையில் ஒரு பேட்டரி வாங்கினான்.

பேட்டரியைப் போட்டான். மோவின் கடிகாரம் ஓடியது. ஆனால் எந்த மணி வைப்பது என்று யாரிடம் கேட்பது? கைபேசியைப் பார்த்து, ஒன்றரை மணி நேரத்தைக் கழித்து, விரலால் முள்ளைத் திருகி வைத்தான். அப்புறம் சாப்பிட்டுப் படுத்தான். வீடு ரொம்ப அமைதியாக இருந்தது. லெங் தூக்கத்தில் புரளுகிற சத்தம் கூட இல்லை. மடத்து மைதானத்தில் பந்து ஆரம்பித்தது. விழுந்தது, சிரித்தார்கள், திரும்ப ஆரம்பித்தார்கள். தூக்கம் கண்ணை அழுத்தியது. சுவர்ப்பக்கம் திரும்பினான். நோங்கின் உதை கேட்டது.

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு போனான்.

மைதானத்து ஓரத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தான். யாரும் அவனைக் கேலி பேசவில்லை, நாற்காலி போடச் சொல்லவும் இல்லை. மடத்து ஜன்னலில் ஒரு மொட்டைத்தலை எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. அது லெங்தானா என்று தெரியவில்லை. பந்து பெஞ்சுப் பக்கம் உருண்டு வந்தது. எடுக்க வந்த நோங் குனிந்தவன் நிமிர்ந்து அவனைப் பார்த்தான்.

"என்ன மாப்பிள்ள, தூக்கம் வரலையா?"

"வருது," என்றான் ஹான்.

"அப்ப இங்கயே படு. உன் மணிக்கு எழுப்பி விடறேன்," என்று சொல்லிவிட்டு நோங் பந்தோடு போனான்.